அந்தியை அடைவு வைத்த நாடு

அந்தி வராமல் போன முதல் நாளில் உப்பாற்றுமுனையில் ஒருவரும் பெரிதாகத் திடுக்கிடவில்லை, ஏனென்றால் அதற்கு முன்பே அந்த நாட்டில் காஸ் வராமல் போயிருந்தது, பெற்றோல் வராமல் போயிருந்தது, பால்மா வராமல் போயிருந்தது, பள்ளிக்கூடச் சோதனைத் தாளுக்குக் கடதாசி வராமல் போயிருந்தது, ஆகவே மதில்களில் வெயிலின் சூடு ஆறுவதற்கு முன்னமே இரவு வந்து பொத்தென்று விழுந்தபோது, சனங்கள் தங்கள் தங்கள் படலையில் நின்று வானத்தைப் பார்த்து, இது எங்கள் பக்கத்துக்கு மட்டுமோ, இல்லை நாடு முழுக்கவோ என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். நாடு முழுக்கத்தான் என்று வானொலி சொன்னது. அதைக் கேட்டதும் அரைவாசிப் பேருக்கு மனம் ஆறிவிட்டது.

வானொலி விளக்கமும் சொன்னது. பழைய கடனுக்கு வட்டி கட்டுவதற்காக வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன் வாங்க வேண்டியிருந்ததாம். கப்பல் வராத துறைமுகம் முன்னமே கடன்காரரிடம் ஈடாக அடைவில் இருந்தது, விமானம் இறங்காத விமான நிலையம் அடைவில் இருந்தது, இரண்டு மலைகளும் ஓர் ஆற்றின் மேற்பாதியும் அடைவில் இருந்தன. எனவே அரசாங்கம் அந்தியைக் கொடுத்திருக்கிறது; ஒரு தலைமுறைக் காலத்துக்கு மட்டும்; மக்கள் ஒத்துழைக்க வேண்டும்.

மக்கள் ஒத்துழைத்தார்கள். பஸ்காரர்கள் கடைசிப் பயணத்தை முன்னுக்குத் தள்ளினார்கள். கோயிலில் சாயரட்சைப் பூசையை எப்போது செய்வதென்று ஐயருக்கும் தர்மகர்த்தாவுக்கும் வாக்குவாதம் வந்து, வெயிலிலேயே விளக்கேற்றுவதென்று முடிவாகியது. பள்ளிவாசலில் மஃரிபுத் தொழுகைக்கு இருள் விழுந்த கணத்தையே எடுத்துக்கொண்டார்கள். மல்லிகைக்கு மட்டும் யாரும் ஒன்றும் சொல்லிக்கொடுக்க முடியவில்லை, அது எந்த நேரத்தில் விரிவதென்று தெரியாமல் மொட்டாகவே பழுத்து உதிர்ந்தது. கூட்டுக்குத் திரும்பும் நேரம் இல்லாமல் போனதால் காகங்கள் இருள் விழுந்த இடத்திலேயே, தந்திக் கம்பியிலோ நின்ற லொறியின் மேலோ, கழுத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு இருந்து விடிய எழும்பிப் போயின. தலைநகரத்தில் ஒரு பெரிய ஹோட்டலின் மொட்டைமாடியில் வெளிநாட்டுக்காரருக்காகக் கொஞ்சம் அந்தி மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்றும், டொலரில் காசு கட்டினால் அரைமணி நேரம் இருந்து பார்க்கலாம் என்றும் கதை வந்தது. உப்பாற்றுமுனையிலிருந்து ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

மங்களேஸ்வரியின் தேத்தண்ணிக்கடை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே இருந்தது. அந்தியை நம்பிப் பிழைத்த கடை அது. கந்தோர் வேலை விட்டு வருகிறவர்களும், ரியூசன் முடிந்த பிள்ளைகளும், வலை காயப்போட்டுவிட்டு வரும் கடற்தொழிலாளரும், வீட்டுக்கு உடனே போக மனமில்லாத எல்லோரும், வெயிலுக்கும் இருளுக்கும் நடுவில் அந்தக் கடையில் இருந்து பிளேன்ரீயும் எண்ணெயில் பொரித்த வாய்ப்பனும் எடுத்து ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார்கள். அந்தி போனதும் அவர்கள் வெயிலில் வேலையிலும் இருளில் வீட்டிலும் இருந்தார்கள். நடுவில் ஓர் இடம் இல்லாமல் போயிற்று.

ஆனால் கடைக்கு ஆள் வராமல் போனதற்கு அது மட்டும் காரணமில்லை. அந்தியை அடைவு வைத்த பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் நிதிப் பிரதியமைச்சர் இராசநாயகம். அவர் மங்களேஸ்வரியின் கூடப்பிறந்த அண்ணன். அவர் பதவியேற்ற நாளில் ஊரே கூடி வாழைமரம் கட்டி வளைவு வைத்தது. அவர் பேனையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டதை அந்தக் கடையின் தொலைக்காட்சியில்தான் ஊர் பார்த்தது.

முதலில் சனங்கள் அவளிடம் அதைப்பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு நிக்சன் கடலோடு போனான்.

நிக்சன், கடற்தொழிலாளர் சவிரிமுத்துவின் ஒரே மகன். இருள் விழுவதற்கு முன்னமே படகுகள் கரைக்கு வந்துவிட வேண்டுமென்று எல்லோரும் பழகியிருந்தார்கள். அன்றைக்கு அவனுடைய படகின் எஞ்சின் நடுக்கடலில் நின்றுவிட்டது. முன்பென்றால், பொழுதுபடுகிற அந்த நீண்ட மங்கலில், பனைகளின் தலையையும் மாதா கோயில் கோபுரத்தையும் பார்த்துத் துடுப்புப் போட்டே கரை சேர்ந்திருப்பான். இப்போது அவன் எஞ்சினோடு மினக்கெட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தியபோது எந்தப் பக்கம் கரையென்று காட்ட ஒன்றுமில்லை. விடிய, படகு முருகைக்கற்பாறையில் கவிழ்ந்து கிடந்தது.

மங்களேஸ்வரி செத்தவீட்டுக்குப் போனாள். சவிரிமுத்து முற்றத்துக்கு வந்து அவளை மறித்தார். சத்தம் போடவில்லை.

"மங்களக்கா, உங்களில எனக்குக் கோவமில்லை. ஆனா உங்கட முகத்தைப் பார்க்க எனக்கு அந்தாளின்ர முகம்தான் தெரியுது. வராதேங்கோ."

அவள் திரும்பி வந்தாள். அன்றிலிருந்து ஊர் வீதியின் மற்றப் பக்கத்தால் நடந்தது. பகையென்று சொல்ல முடியாது. எதிரில் கண்டால் தலையசைத்தார்கள், மழை வந்தால் கடைத் தாழ்வாரத்திலும் ஒதுங்கினார்கள், ஆனால் உள்ளே வரவில்லை. அவள் விடியத் தண்ணீர் கொதிக்க வைத்து, அது ஆறியதும் திரும்பக் கொதிக்க வைத்து, ஆறியதும் வாசலில் ஊற்றினாள்.

நிக்சனுக்கும் தன் மகள் நிலோஜினிக்கும் இடையில் ஒன்று இருந்ததென்று அவளுக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் மகள் அடுப்படியில் நின்று, வெங்காயம் உரித்தபடியே சொன்னாள்.

"பொழுதுபடேக்கதான் அம்மா நாங்கள் சந்திக்கிறது. அது போனாப்பிறகு சந்திக்க நேரம் கிடைக்கேல்லை. கடைசியா அவனை எப்ப கண்டனான் எண்டு கூட எனக்கு வடிவா ஞாபகமில்லை."

மங்களேஸ்வரி மகளின் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டாள்.

கொஞ்சக் காலத்தில் நிலோஜினி போய்விட்டாள். கடன் கொடுத்த தேசத்தில் வயதானவர்கள் நிறைய இருந்தார்கள், அவர்களைக் குளிப்பாட்டிச் சாப்பாடு தீத்திவிட ஆட்கள் தேவைப்பட்டார்கள், உப்பாற்றுமுனையின் இளம் ஆட்கள் ஒவ்வொருவராக அந்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். போனவள் கிழமைக்கொரு தடவை போன் எடுத்தாள். முதல் தடவையே அவளுடைய குரல் மாறியிருந்தது.

"அம்மா, இஞ்ச ரெண்டு தரம் பொழுதுபடுது. முதல் தரம் இவையின்ரை. அது முடிய ரெண்டாவது வருது. அது எங்கட."

"எங்கட எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"மணக்குது அம்மா. கருவாடு காயப்போடுற வாடி மணக்குது. பிறகு உங்கட எண்ணெய்ச் சட்டி மணம் வருது. இந்தச் சனத்துக்கு அதை என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. ஜன்னல் சீலையை இழுத்து மூடிப்போட்டு லைற்றைப் போட்டுக்கொண்டு வேலை செய்யினம். ரோட்டிலை நான் மட்டும்தான் நிப்பன்."

"தனியவே நிக்கிறாய்?"

"ஓம்," என்றாள் நிலோஜினி. "ஆனா அந்த நேரம் மட்டும் தனிய நிக்கிற மாதிரி இல்லை."

அதற்குப் பிறகு மங்களேஸ்வரி, இருள் விழுந்த பின் ஆளில்லாத கடையில், வாங்க யாருமில்லை என்று தெரிந்தும் சட்டியில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி வடை போட்டாள். மணம் போய்ச் சேர்கிறதா என்று மகளிடம் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கேட்கவில்லை.

பிறகு அரசாங்கம் விழுந்தது. தலைநகரத்தில் சனங்கள் மாளிகைகளுக்குள் ஏறிப் போனார்கள், அமைச்சர்கள் கண்ட வழியெல்லாம் ஓடினார்கள், ஓட இடமில்லாத இராசநாயகம் ஒரு தோல் பையோடு மத்தியான பஸ்ஸில் உப்பாற்றுமுனையில் வந்து இறங்கினார். பஸ் தரிப்பிடத்தில் இருந்தவர்கள் அவருக்கு வழி விட்டார்கள், கல்லைக் கண்டு தண்ணீர் விலகுவதுபோல. அவர் வீதியைக் கடந்து தங்கையின் கடைக்குள் வந்து கடைசி வாங்குப்பலகையில் இருந்தார்.

"தேத்தண்ணி ஒண்டு தா, தங்கச்சி."

அவள் ஊற்றினாள். அவர் குடித்து முடிக்கும் வரைக்கும் நின்றாள். பிறகு கேட்டாள்.

"ஏன் அண்ணை அதைக் குடுத்தனீங்கள்? உலகத்தில வேற ஒண்டும் கிடைக்கேல்லையே?"

இராசநாயகம் கிளாசின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்துக்கும் ஒரு வருமானம் இருந்தது. தேயிலையைக் கேட்டினம், அதில வருமானம். ரெலிபோனைக் கேட்டினம், அதிலயும் வருமானம். அந்தியால நாட்டுக்கு ஒரு சதம் வருமானமில்லை. ஒரு கணக்கிலயும் வராத சாமான். குடுத்தா ஆருக்கும் தெரியாதெண்டு நினைச்சன்." கிளாசைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் கந்தோருக்குள்ள போனா விடியவும் லைற், பின்னேரமும் லைற். எத்தினையோ வருசமா நான் ஒரு பொழுதுபடுறதைக் கண்ணால காணேல்லை, மங்களம். நான் காணாத ஒண்டை மற்றவையும் காணேல்லை எண்டு நம்பிப்போட்டன்."

"நிக்சன் எண்டொரு பெடியன் இருந்தவன்," என்றாள் மங்களேஸ்வரி. அவ்வளவுதான் சொன்னாள். மிச்சத்தை அவர் ஊரிடம் கேட்டறிய முடியாது, ஏனென்றால் ஊர் அவரோடு கதைக்கவில்லை. ஆகவே பிறகு அவளே சொல்ல வேண்டியதாயிற்று, மகளைப் பற்றியும் சேர்த்து.

அடுத்த நாள் வெயில் சரியத் தொடங்கியபோது இராசநாயகம் ஒரு கட்டுக் காய்ந்த பனையோலையைத் தூக்கிக்கொண்டு முனைக்குப் போனார். இருள் விழுகிற நேரத்தில் கடலைப் பார்த்த திட்டியில் நெருப்பு மூட்டினார். பின்தங்கிய படகுகள் அதைப் பார்த்துக் கரைக்கு வந்தன. வந்தவர்கள் வலையை இறக்கினார்கள், மீனைப் பிரித்தார்கள், அவரைப் பார்க்காமல் போனார்கள். மறுநாளும் அவர் போனார். மழை நாளில் தகரத்தைப் பிடித்துக்கொண்டு போனார். கோட்டும் சூட்டும் போட்ட உடம்பு கருகிச் சுருங்கி, கண் இமையெல்லாம் தீய்ந்து, அவர் ஆரென்று வெளியூரார் கேட்டால் நெருப்பு மூட்டுகிறவர் என்று ஊர் சொல்லத் தொடங்கியது. நெருப்பை ஊர் எடுத்துக்கொண்டது. ஆளை எடுத்துக்கொள்ளவில்லை. சவிரிமுத்து மட்டும் அந்த நெருப்பைப் பார்த்துக் கரைக்கு வர மாட்டேனென்று, வெயில் உச்சியில் நிற்கும்போதே படகை ஏற்றி, பாதிப் பிடிபாட்டோடு வீட்டுக்குப் போனார்.

அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்து தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். சேர்ந்திருந்து சாப்பிட்டால் கதைக்க வேண்டிவரும்.

இப்படி இருக்கும்போது புதிய அரசாங்கம் அந்தியை மீட்கப்போவதாக அறிவித்தது. முன்னைய எல்லாக் கடனையும்விடப் பெரிய கடன் ஒன்று கிடைத்திருக்கிறதாம், அதைக் கொண்டு அடைவை மூடப்போகிறார்களாம். நாடெங்கும் விடுமுறை விட்டார்கள். உப்பாற்றுமுனைக்கே புதிய நிதியமைச்சர் வந்தார். பஸ் தரிப்பிடத்தில் மேடை, ஒலிபெருக்கி, திரும்பவும் வாழைமரம். ஊர் முழுக்க வந்து நின்றது. அந்தியென்றால் என்னவென்றே அறியாத சின்னப்பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அமைச்சர் பேசிக்கொண்டிருக்கும்போது கூட்டத்தின் பின்னாலிருந்து இராசநாயகம் கையை உயர்த்தினார்.

"ஒரு கேள்வி ஐயா. இதை மீட்கிறதுக்கு இந்தத் தடவை என்னத்தை ஈடு வைச்சிருக்கிறீங்கள்?"

அமைச்சர் சிரித்தார். "ஒருவருக்கும் நோகாத ஒன்று," என்றார். "நாட்டுக்குள் இருக்கும் ஒருவரையும் அது தொடாது."

"அது என்னெண்டு சொல்லுங்கோ."

அப்போது சவிரிமுத்து திரும்பினார். மகன் செத்த நாளுக்குப் பிறகு அவர் இராசநாயகத்தோடு கதைத்த முதற் கதை அது. "அண்டைக்கு இந்தக் கேள்வியை நீ உன்னட்டைக் கேட்டிருக்கலாமே? வாயை மூடு!"

சனங்கள் சிரித்தார்கள், பிறகு கை தட்டினார்கள். அமைச்சருக்காகத் தட்டினார்களா, சவிரிமுத்துவுக்காகத் தட்டினார்களா என்று பிரிக்க முடியாதபடி நெடுநேரம் தட்டினார்கள். கை தட்டல் ஓய்வதற்கு முன் அந்தி வந்துவிட்டது.

மேற்கே கடலுக்கு மேல் ஒரு கீற்றாகத் தொடங்கி, உப்பு வயல்களில் இறங்கி, தகரக் கூரைகளில் ஏறி, ஒவ்வொருவரின் முகத்திலும் வந்து நின்றது. காகங்கள் கம்பியிலிருந்து எழும்பி ஒரு வட்டம் போட்டு, வழி ஞாபகம் வந்ததுபோல் பனங்கூடலை நோக்கிப் போயின. ஒரு மனுசி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு, எவரும் சொல்லாமலேயே, வழக்கம் தன்பாட்டில் திரும்பிவர, சனம் வீதியைக் கடந்து மங்களேஸ்வரியின் கடைக்குள் வந்தது. கிளாஸ் போதவில்லை. பால் போதவில்லை. "மங்களக்கா, இஞ்ச ஒரு பிளேன்ரீ," என்று கேட்ட குரல்களுக்கெல்லாம் அவள் ஊற்றிக்கொண்டேயிருந்தாள். இராசநாயகம் பின்பக்கம் நின்று கிளாஸ் கழுவினார்.

நிலோஜினி அடுத்த நாளே போன் எடுத்தாள். "இஞ்ச ரெண்டாவது பொழுது வரேல்லை அம்மா."

"இஞ்ச வந்திட்டுது பிள்ளை."

"அப்ப நானும் வாறன்," என்றாள் மகள். "இனி இஞ்ச எனக்கு என்ன இருக்கு? லீவு கேட்டிட்டு வாறன்."

வரும் நாளும் வந்தது. மங்களேஸ்வரி நல்ல சேலை உடுத்து, இன்னும் சில குடும்பங்களோடு வாடகைக்கு வான் பிடித்து, தலைநகரத்து விமான நிலையத்துக்குப் போனாள். விமானம் இறங்கியது. சுற்றுலாக்காரர் வந்தார்கள், வியாபாரிகள் வந்தார்கள். அந்த நாட்டில் பிறந்த ஒருவரும் கதவால் வரவில்லை. மாலைகளோடும் பலூன்களோடும் நின்றவர்கள் அடுத்த விமானத்தில் வருவார்கள் என்று ஒருவருக்கொருவர் சொன்னார்கள். அடுத்த விமானமும் இறங்கியது. பிறகு எல்லோருடைய போனும் கொஞ்சம் முன்பின்னாக அடிக்கத் தொடங்கியது.

"அம்மா," என்றாள் நிலோஜினி. "நான் பிளேன் ஏறினனான். பக்கத்தில இருந்த மனுசனோட கதைச்சுக்கொண்டு வந்தனான். ஜன்னலால எங்கட கடல் தெரிஞ்சது, எங்கட தென்னைமரம் தெரிஞ்சது. இறங்கிக் கதவைத் திறந்துகொண்டு வெளியில வந்தன். வந்து பார்த்தா நான் இருக்கிற தெரு அம்மா. இஞ்சத்தைத் தெரு. என்ர அறைக்குக் கீழ நிக்கிறன். சூட்கேசும் என்னோடதான் நிக்குது."

"திரும்ப ஏறு பிள்ளை."

"ஏறினனான் அம்மா. இது ரெண்டாந்தரம்."

வானொலி அந்தக் கிழமையே விளக்கம் சொன்னது. வெளியே போனவர்களின் திரும்பிவருகை, புதிய கடனுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் அனுப்பும் காசு வழக்கம்போல வரும், ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை. மக்கள் ஒத்துழைக்க வேண்டும்.

மக்கள் இதற்கும் பழகினார்கள். வரப்போகிறவருக்கென்று அறை பூசியவர்கள் அதில் நெல் மூட்டை அடுக்கினார்கள். கல்யாணங்களை மாப்பிள்ளை அங்கே, பொம்பிளை இங்கேயென்று போனிலேயே கட்டினார்கள். ஊரில் அநேகமாக ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வெளியே போயிருந்தார், ஆகவே ஆர் ஆருக்கு ஆறுதல் சொல்வதென்று தெரியாமல், வெளியே போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர்களைக்கூட மறிக்காமல் விட்டார்கள். வீட்டில் காசு தேவைப்பட்டது.

அந்தி மட்டும் தவறாமல் வந்தது. கடை நிரம்பியது. ஆனால் எல்லோரும் வீதியைப் பார்த்தபடி, போனை மடியில் வைத்துக்கொண்டு, அதிகம் கதையில்லாமல் இருந்தார்கள்.

அப்படியொரு நாளில் சவிரிமுத்து கடைக்குள் வந்தார். எல்லா வாங்கிலும் இடமிருந்தது. அவர் கடைசி வாங்குக்குப் போய், இராசநாயகத்துக்கு முன்னால் நின்றார். இராசநாயகம் அடிவாங்கத் தயாரானவர்போல எழும்பப் பார்த்தார்.

"இரு," என்றார் சவிரிமுத்து. "எனக்கு வெளியில இருந்து வர ஆருமில்லை. என்ர பிள்ளை கடலுக்குள்ள கிடக்கிறான். அவங்கள் எதைக் குடுத்தாலும் எனக்கு ஒண்டும் குறையாது." தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஆனா நானும் கை தட்டினனான்."

இராசநாயகம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். சவிரிமுத்து இருந்தார். மங்களேஸ்வரி இரண்டு கிளாஸ் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். அவர்கள் அவற்றைக் குடித்தார்கள். நண்பர்களாகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. கை தட்டிய மற்றவர்கள் அவர்கள் பக்கம் பார்க்காமல் வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது நிலோஜினி போன் எடுத்தாள். மங்களேஸ்வரி வாசலுக்கு வந்து நின்றாள்.

"சாப்பிட்டீங்களோ அம்மா?"

"ஓம் பிள்ளை. நீ?"

"ஓம்." அந்தப் பக்கம் ஒரு கார் போகும் சத்தம் கேட்டது. "அம்மா, இப்ப அங்க என்ன நிறம்?"

மங்களேஸ்வரி வானத்தைப் பார்த்தாள். அப்படியெல்லாம் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"கடல் பக்கம் பலாச்சுளை மாதிரி இருக்கு," என்றாள். "மேல போகப்போக வெளிறிப்போகுது. காகம் போகுது, நிறையப் போகுது. மாதா கோயில் கோபுரம் கறுப்பாத் தெரியுது. இப்ப அந்தப் பலாச்சுளை நிறம் சிவக்குது பிள்ளை. உப்பு வயலெல்லாம் அந்த நிறம்தான். ஆரோ சைக்கிளில போகினம், முகம் தெரியேல்லை..."

மகள் போதுமென்று சொல்லவில்லை. கடைக்குள் சனங்கள் ஒவ்வொருவராக எழும்பிக் காசு வைத்துவிட்டுப் போனார்கள், சவிரிமுத்து போனார், இராசநாயகம் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார், வெளிச்சம் முழுக்க வடிந்து வீதியின் மற்றப் பக்கமே தெரியாமல் போயிற்று. மங்களேஸ்வரி வாசற்படியில் இருந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கடலின் நிறத்தைச் சொல்லிக்கொண்டேயிருந்தாள்.